தளும்பாத ஜீப்

சூரியநெல்லிக்கு மேலே வெள்ளப்பாறை எஸ்டேட்டில் சுவக்கீன் ஓட்டுகிற ஜீப்புக்கு முன்னால் மாடு போனால், மாடுகூட ஒதுங்க அவசரப்படாது. அவ்வளவு நிதானம். இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை, பெருமையாகத்தான் சொன்னார்கள். எஸ்டேட்டுக்கு இருந்தது ஒரே ஜீப். மேனேஜர் துரையை மூணாறுக்குக் கூட்டிப்போவதும் அதுதான்; லயத்து வரிசை வீடுகளிலிருந்து காய்ச்சல்காரர்களையும் கால் ஒடிந்தவர்களையும் பிள்ளைப்பேற்றுக்காரிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதுதான். சுவக்கீன் வண்டியில் கஞ்சிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனாலும் ஒரு பருக்கை சிந்தாது என்று கொழுந்தெடுக்கிற பெண்கள் சொல்லிக்கொள்வார்கள். மாசமாக இருக்கிறவர்கள் நாள் நெருங்கும்போதே அவனைத் தேடி வந்து, ஊரில்தானே இருப்பீங்க அண்ணே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு போவார்கள். அப்படிக் கேட்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். அன்றைக்குப் பூராவும் அவனுக்குச் சோறே வேண்டாம்.

மலை ரோட்டில் ஜீப் ஓட்டுகிற கூட்டம் பொதுவாகக் கிறுக்குப் பிடித்த கூட்டம். வளைவைக் கண்டால்தான் அவர்களுக்கு உற்சாகம் வரும். அதில் ஒருத்தன் இப்படி எறும்பாக ஊர்கிறான் என்றால் அது சும்மா வந்த குணம் இல்லை. அதற்கு ஒரு சாவு காரணம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், அதாவது அறுபத்தெட்டில், சுவக்கீன் டிரைவர் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஓய்ந்த நேரத்தில் ஜீப்பைக் கழுவுவான், துடைப்பான், தொழிற்சாலை முற்றத்தில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பான். அப்போது டிரைவர் மொக்கையன். போடிப் பக்கத்துக்காரர், சுவக்கீனைவிடப் பத்து வயசு மூத்தவர், பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிறவர். அந்த ஒரு வார்த்தைக்காக அண்ணே அண்ணே என்று சுவக்கீன் அவர் பின்னாலேயே திரிந்த காலம் அது.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் அவன் பெண்டாட்டி அன்னமேரிக்கு வலி எடுத்தது. தலைச்சன் பிள்ளை. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்து ஒன்றும் ஆகாது, மூணாறுக்குக் கொண்டுபோங்கள் என்று எஸ்டேட் கம்பவுண்டர் கையை விரித்துவிட்டார். மொக்கையன் ஜீப்பை எடுத்தார். பின்னால் பாயை விரித்து அன்னமேரியைப் படுக்கவைத்து, ஒரு பக்கம் சுவக்கீனும் மறுபக்கம் அவன் அக்கா செபமாலையம்மாளும் பிடித்துக்கொண்டார்கள். எஸ்டேட் ரோட்டுக்குப் பேர்தான் ரோடு. மழை அறுத்த பள்ளமும் உருட்டுக்கல்லும்தான் அதில் இருந்தன. மொக்கையன் எதற்கும் வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டி குதித்த ஒவ்வொரு குதிக்கும் அன்னமேரி அலறினாள். மெல்லப் போகச் சொல்லுங்க, மெல்லப் போகச் சொல்லுங்க என்று புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். யூக்கலிப்டஸ் வளைவில் வண்டி தூக்கிப் போட்ட போட்டில் அவளுக்குக் குரலே வரவில்லை, வாய் மட்டும் திறந்து மூடியது. சுவக்கீன் முன்சீட்டின் முதுகில் ஓங்கி அறைந்து, நிறுத்துங்கண்ணே, கொஞ்சம் நிறுத்திட்டுப் போங்க என்று கத்தினான். மொக்கையன் திரும்பிப் பார்க்கவில்லை.

"நிறுத்தினா போச்சு, தம்பி" என்றார். ஓட்டினார்.

அன்னமேரி ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். பெண் பிள்ளை. வெளியே வரும்போது நீலம் பாரித்துக் கிடந்ததாம். நர்ஸம்மா முதுகைத் தேய்த்து, வாயைத் துடைத்து, அழவைத்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து செபமாலையம்மாள் கையில் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா இதுவும் மூச்சுமுட்டிப் போயிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். சுவக்கீன் பக்கத்தில்தான் நின்றான். ஆனால் அவன் காதில் அப்போது பெண்டாட்டியின் அலறல் மட்டும்தான் இருந்தது. வேறெதுவும் உள்ளே போக இடமில்லை.

அடக்கம் முடிந்த மறுநாளே ஆபீசுக்குப் போய், இந்த ஆள் குலுக்கிக் குலுக்கியே என் பெண்டாட்டியைக் கொன்றுவிட்டான் என்று சொன்னான். மொக்கையனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேகமாகத்தான் ஓட்டினேன் என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. நாலு வார்த்தை பேசியிருந்தால் தப்பித்திருப்பார், ஆனால் பேசத் தெரிந்தால் அவர் மொக்கையன் இல்லையே. எஸ்டேட்டே சுவக்கீன் பக்கம் அழுதுகொண்டு நின்றது. வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு அவரை எஸ்டேட் குளத்துக்குக் காவல்காரராக அனுப்பினார்கள். கொஞ்ச மாதத்தில் அந்தச் சாவி சுவக்கீன் கைக்கு வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எது எந்த இடத்தில் இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

என் கையில் இருக்கிறவரைக்கும் இந்த வண்டியில் எந்தப் பொம்பிளையும் அலறக்கூடாது என்று சுவக்கீன் கல்லறைமேட்டில் நின்று சொல்லிக்கொண்டான். சொன்னபடி நடந்தான். குளத்தைத் தாண்டிப் போகும்போது மட்டும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வான். இருவரும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் பேச்சு வந்தால் 'அந்தாளு' என்பான், பெயர்கூடச் சொல்லமாட்டான். பிள்ளைக்குப் பனிமயம் என்று பெயர் வைத்து அக்காதான் வளர்த்தாள். எப்போதாவது அக்கா, நர்ஸம்மா சொன்னது ஞாபகம் இருக்கா என்று ஆரம்பித்தால், எழுந்து வெளியே போய்விடுவான்.

எழுபத்திநாலில் புது துரை வந்தார். நல்ல மனிதர், ஆனால் தூண்டில் பைத்தியம். மூணாறுக்கு அந்தப் பக்கம் குளிர்ந்த ஓடைகளில் டிரௌட் என்று ஒரு மீன் உண்டு. வெள்ளைக்காரர்கள் கப்பலில் முட்டை கொண்டுவந்து விட்டது. லயத்து ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் துரைமீன். நம் குளத்திலும் அதை விட்டு வளர்க்கவேண்டும் என்று புது துரைக்கு ஆசை வந்துவிட்டது. ஓடைத் தண்ணீர் விழுந்து வழிந்தோடுகிற குளம், குளிர்ச்சியான இடம், வளரும் என்று பார்த்தவர்களும் சொன்னார்கள். மலைக்குமேல் இருந்த ஒரு மீன்பண்ணைக்கு எழுதிக் கேட்டு, குஞ்சுகளை வாங்கி வா என்று பங்குனி மாதத்தில் சுவக்கீனை அனுப்பினார்.

பண்ணையில் பொறுப்பாக இருந்தவர் அப்பாஸ். பாலக்காட்டில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் ராவுத்தர் குடும்பத்துப் பிள்ளை; மீன் படிப்புப் படித்துவிட்டுக் கடைக்குப் போகாமல் மலையேறி வந்தவர். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகளை இரண்டு பெரிய பால் கேன்களில் முக்கால் அளவு தண்ணீர் விட்டுப் போட்டுக் கொடுத்தார். வாயை வலைத்துணியால் கட்டினார். எங்கேயும் நிற்காதீங்க, தண்ணி அசைஞ்சுக்கிட்டே இருக்கட்டும் என்று இரண்டு தடவை சொன்னார். சுவக்கீன் தலையை ஆட்டினான்.

தலையை ஆட்டினானே தவிர, மனசுக்குள் சிரித்துக்கொண்டான். யாரிடம் வந்து எதைச் சொல்கிறார்! பிள்ளைத்தாய்ச்சியையே அலுங்காமல் கொண்டுபோகிறவனுக்கு, பிறந்து சில வாரமான மீன்குஞ்சை எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாதா? முக்கால் கேன் தண்ணீர் வளைவில் அடிக்கும், குஞ்சு தகரத்தில் மோதிச் சாகும். நிறைகுடம் தளும்பாது என்று சும்மாவா சொன்னார்கள்? பண்ணை கண்ணுக்கு மறைந்ததும் ஒரு ஊற்றடியில் வண்டியை ஓரங்கட்டி, இரண்டு கேனையும் கழுத்துவரை நிரப்பினான். வலைத்துணியை அவிழ்த்து மூடியை இறுக்கிப் போட்டு, மேலே ஈரச்சாக்கைச் சுற்றிக் கட்டினான். ஒரு டிரைவருக்குத் தெரிந்த அத்தனை புத்தியும் அந்தக் கட்டில் இருந்தது.

அப்புறம் ஓட்டினான் பாருங்கள், அது ஓட்டம். தேவிகுளம் ஏற்றத்தில் கியர் மாற்றியது வண்டிக்கே தெரியவில்லை. தார் ரோட்டில் எண்ணெய் வழிகிற மாதிரி வழிந்துகொண்டு போனான். இன்ஜின் சூடாகிறது என்று இரண்டு இடத்தில் நிழல் பார்த்து நிறுத்தினான். பெரியகானலில் டீ குடித்தான். குடித்துவிட்டு மூடியைத் தூக்கிப் பார்த்தபோது, குஞ்சுகளெல்லாம் மேலே வந்து தண்ணீரின் விளிம்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சின்ன வயசில் தாய்மாமன் ஊருக்குப் போனபோது, திருநெல்வேலிப் பக்கத்துக் குளத்தில் விரால் இப்படித்தான் மேலே வந்து காற்றைக் கவ்விவிட்டுப் போகும். பார்த்திருக்கிறான். நல்லது, காத்து வாங்குது என்று சொல்லி மூடியைப் பழையபடி இறுக்கினான். எஸ்டேட் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரத்தைக் கையைப் பிடித்து இறக்குகிறவன்போல இறக்கினான்.

குளக்கரையில் துரை, துரைசாணி, வேலை மேற்பார்க்கிற கண்டக்டர், கங்காணிகள் எல்லோரும் நின்றார்கள். மொக்கையன் தள்ளி நின்றார். மூடியைத் திறந்தால் இரண்டு கேனிலும் வெள்ளி வெள்ளியாக வயிறு மிதந்தது. ஒரு குஞ்சுக்குக்கூட உயிர் இல்லை. அத்தனையும் வாயைத் திறந்தபடி செத்திருந்தன. துரைசாணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

துரை கத்தவில்லை. கத்தியிருந்தால் சுவக்கீனுக்கு நன்றாயிருந்திருக்கும். இந்த வருஷத்துக்கு இன்னொரு தடவைதான் குஞ்சு கேட்க முடியும், அதுவும் செத்தால் சாவியைக் கொடுத்துவிட்டு மருந்தடிக்கிற வேலைக்குப் போ என்று அமைதியாகச் சொன்னார். அடுத்த தடவை குளத்துக் காவல்காரனும் கூடப் போகட்டும், பின்னால் உட்கார்ந்து கேனைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். மருந்தடிக்கப் போவதில் சுவக்கீனுக்கு வெட்கமில்லை. சாவி போனால் அந்தப் பெண்களை யார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதுதான் கவலை. அடுத்த வாரத்தில் நாள் வைத்திருக்கிற இரண்டு பேர் அவனிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

மறுவாரம் விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். மொக்கையன் முன்சீட்டில் உட்காரவில்லை, பின்னால் ஏறிக் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். 

சுவக்கீன் செத்த குஞ்சுகளில் சிலதைத் துணியில் முடிந்து உப்புப் போட்டு எடுத்துப்போயிருந்தான். உங்கள் குஞ்சிலேயே கோளாறு என்று சொல்லிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. அப்பாஸ் அவற்றைப் பார்த்துவிட்டு, எப்படிக் கொண்டுபோனீங்க என்று மட்டும் கேட்டார். சுவக்கீன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். சொல்லச் சொல்ல அப்பாஸ் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. அவனைத் தொட்டியருகே கூட்டிப்போய், ஓடுகிற தண்ணீரில் எதிர்த்து நிற்கிற ஒரு பெரிய மீனைக் காட்டினார்.

"வாயைப் பாருங்க. தெறக்குது, மூடுது. மூடும்போது கன்னத்துப் பக்கம் செவுள் மூடி தெறக்குது, பாத்தீங்களா? வாய் வழியா வாங்குன தண்ணி அந்த வழியாப் போகுது. தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாம காத்து கரைஞ்சு கெடக்கும். தண்ணி போற போக்குல செவுள் அதை எடுத்துக்கும். இதான் இதோட மூச்சு."

சுவக்கீன் விராலைப் பற்றிச் சொன்னான். அது மேலே வந்துதானே மூச்சு விடுகிறது என்றான். அப்பாஸ் ஒத்துக்கொண்டார். விராலுக்கும் சிலவகைக் கெளுத்திக்கும் அந்த வசதி உண்டு, வெளிக்காற்றை வாயால் வாங்கிக்கொண்டு ஈரச்சேற்றில்கூடப் பிழைத்துக் கிடக்கும். இந்த மீனுக்கு அது முடியாது. தண்ணீரில் கரைந்த காற்றுத்தான் கதி. இது மேலே வந்து வாயைப் பிளக்கிறது என்றால் உள்ளே காற்றுத் தீர்ந்துபோய்விட்டது, காற்றுப்படுகிற மேல்தண்ணீரிலாவது கொஞ்சம் கிடைக்காதா என்று தவிக்கிறது என்று அர்த்தம். பெரியகானலில் பார்த்தபோதே அவை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன.

"ஓடைத் தண்ணி கல்லுல மோதிக் குதிச்சு வருது. குதிக்கக் குதிக்கக் காத்து அதுல ஏறும். நின்ன தண்ணில ஏறாது, வெயில்ல சூடான தண்ணில இருக்கிறதும் போயிடும். நீங்க கழுத்துவரைக்கும் நெரப்பி, மூடியப் போட்டு, அலுங்காமக் கொண்டுபோயிட்டீங்க. உங்க எஸ்டேட் ரோடு ரொம்ப மோசம்னு கேள்விப்பட்டிருந்தேன், அந்தத் தைரியத்துலதாங்க குஞ்சே குடுத்தேன்."

அவர் இதை வேடிக்கையாகத்தான் சொன்னார். சுவக்கீனால் சிரிக்க முடியவில்லை. மெதுவாகப் போனதால் செத்தது என்று ஒருத்தர் சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. மொக்கையன் கொஞ்சம் தள்ளித் தொட்டி ஓரத்தில் குந்தி, அந்தப் பெரிய மீனின் செவுள் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை குஞ்சுகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, முக்கால் கேன் தண்ணீரோடு அப்பாஸ் கொடுத்தார். ஒரு தகரக் குவளையும் கொடுத்தார். தார் ரோட்டில் வண்டி குலுங்காது, அதனால் மொக்கையன் விடாமல் குவளையில் மொண்டு உயரத்திலிருந்து கேனுக்குள் ஊற்றிக்கொண்டே வரவேண்டும். மண் ரோடு வந்துவிட்டால் ரோடே பார்த்துக்கொள்ளும். நிற்கவே கூடாது.

நிற்கவே கூடாது என்றால் நிற்கவைக்க ஒன்று வராமலா இருக்கும்? தேவிகுளம் தாண்டிக் கணவாய்ப் பாதையில் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. முன்னால் இரண்டு பஸ், பின்னால் ஒரு டீத்தூள் லாரி. நகர வழியில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம் விடாமல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சத்தம் தடுமாறியது. இரண்டு கேனுக்கும் ஒரு கை பற்றவில்லை. சுவக்கீன் இறங்கிப் பின்னால் போனான். ஒரு கேனில் குஞ்சுகள் மேலே வர ஆரம்பித்திருந்தன. அதே வாய், அதே திறப்பு.

மொக்கையன் குவளையை அவனிடம் நீட்டிவிட்டு, தன் தூக்குச்சட்டியின் சோற்றை இலையோடு வெளியே வைத்துவிட்டு அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு கேன். மொண்டார்கள், ஊற்றினார்கள். நுரை நுரையாகக் குமிழ் இறங்கியது. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, தண்ணீரை எடுத்து அதே தண்ணீரில் ஊற்றுகிற இந்த இரண்டு பேரையும் கண்டு சிரித்தார்கள். ஒரு கிழவர், பால் ஆத்துறீங்களா என்று கேட்டார். இருவரும் கையை நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குஞ்சுகள் விளிம்பை விட்டு இறங்கி நடுத்தண்ணீரில் நின்றன. தோள்பட்டை இற்றுப்போயிற்று. ஆறு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் அவர் கையை சுவக்கீன் பார்த்ததில்லை. முழங்கைவரை தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது.

லாரியை ஒருவழியாக நெம்பி ஓரமாகத் தள்ளினார்கள். சுவக்கீன் ஓடிப்போய் வண்டியை எடுத்தான். சின்னக்கானல், சூரியநெல்லி, அப்புறம் எஸ்டேட் மண் ரோடு. இனி ரோடு பார்த்துக்கொள்ளும், ஓட்டினால் போதும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் காலுக்குத் தெரியவில்லை. முதல் பள்ளத்தைக் கண்டதும் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தான். அடுத்த பள்ளத்தில் மறுபடியும் போனது. பழகின மாட்டை வேறு வழிக்குத் திருப்புகிற பாடு அவன் பட்டான்.

யூக்கலிப்டஸ் வளைவு வந்தது. அங்கே அவனால் முடியவில்லை. அன்னமேரியின் குரல் நின்றுபோன இடம் அது. ஆறு வருஷமாக அந்த வளைவில் வண்டியை அவன் நடக்கவிட்டுத்தான் கூட்டிப்போயிருக்கிறான். கால் பிரேக்கை மிதித்தது. வண்டி ஏறக்குறைய நின்றேவிட்டது. பின்னால் கேன்களின் கடகடப்பு அடங்கியது.

"நிறுத்தினா போச்சு, தம்பி" என்றார் மொக்கையன்.

குரலை உயர்த்தவில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. அதே மூணு சொல். அன்றைக்கு முன்னால் இருந்து வந்தது, இன்றைக்குப் பின்னால் இருந்து வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சுவக்கீன் காலை எடுத்தான். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். ஜீப் பள்ளத்தில் விழுந்து எழும்பிக் குதித்தது. கேன் தண்ணீர் வலைத்துணியைத் தாண்டி அடித்து அவன் பிடரியில் சில்லென்று வழிந்தது. அவன் குறைக்கவில்லை. கல், பள்ளம், வேர், எதையும் பார்க்கவில்லை. அந்தக் குலுக்கலில்தான் நர்ஸம்மா சொன்னது அவன் காதுக்கு வந்து சேர்ந்தது. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா இதுவும் மூச்சுமுட்டிப் போயிருக்கும். பனிமயமும் அன்றைக்குப் பனிக்குடத் தண்ணீருக்குள்தானே கிடந்தாள்? அவளுக்கும் காற்று தீர்ந்துகொண்டுதானே இருந்தது? நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்கண்ணே என்று சீட்டை அறைந்தது யார்?   தான் சொன்னதை அந்த ஆள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. கண்ணைத் துடைக்கக்கூட ஸ்டியரிங்கை விடாமல் ஓட்டினான்.

குளக்கரையில் யாருமில்லை. முதல் தடவை பட்டது போதும் என்று துரை வரவில்லை போலிருக்கிறது. இருவரும் கேன்களை இறக்கினார்கள். மொக்கையன் வலைத்துணியை அவிழ்த்தார். அடியில் நாலைந்து செத்துக் கிடந்தன. மற்றதெல்லாம் உயிரோடு இருந்தன. தண்ணீருக்கு நடுவில் நின்று, கன்னத்தைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஒரு குறையுமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அப்பாஸ் சொன்னபடி கேனுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்துத் தண்ணீரைச் சேர்த்து, வாயைக் குளத்துக்குள் சாய்த்துப் பிடித்தார்கள். குஞ்சுகள் சற்று யோசித்தன. பிறகு ஒன்று போனது, அதன் பின்னாலேயே எல்லாம் போயின. நேராக, ஓடைத் தண்ணீர் பாறையிலிருந்து குதித்து நுரைக்கிற மூலைக்குத்தான் போயின.

சுவக்கீன் காலி கேனைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. வந்த சொல்லை இரண்டு தடவை விழுங்கிவிட்டு மூன்றாம் தடவை சொன்னான்.

"அண்ணே."

ஆறு வருஷத்துக்கு அப்புறம் கூப்பிடுகிறான். மொக்கையன் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கி நா நிறுத்தச் சொன்னேன்."

"ஆமா."

"நீங்க நிறுத்தியிருந்தா... பனிமயம்..."

 மொக்கையன் கேனைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரைக் கொட்டினார். அதை ஓரமாக வைத்தார்.

"அதான் நிறுத்தலையே" என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று சுவக்கீனுக்கும் தெரியும். ஆபீசில் போய் இன்றைக்காவது தான் வாயைத் திறக்கவேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டான். அன்றைக்குச் சொன்ன அதே இடத்தில், அதே மேஜைக்கு முன்னால் நின்று, சொன்னது தப்பு என்று சொல்லவேண்டும். சொன்னால் சாவி போகலாம். போகட்டும் என்று நினைத்தபோது, நினைத்திருந்த அளவுக்கு வலிக்கவில்லை.

பையிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தான். மொக்கையன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.  ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். சுவக்கீன் பின்னால் ஏறி, காலி கேன்களுக்கு நடுவில், அன்றைக்கு உட்கார்ந்த அதே பக்கத்தில் உட்கார்ந்தான். ஜீப் கிளம்பியது. மொக்கையனுக்குக் கை மறக்கவில்லை. பள்ளம் ஒன்றையும் விடாமல் ஏற்றி இறக்கினார். கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு அலறின. ஆபீஸ் வரும்வரை, மெல்லப் போங்க என்று சுவக்கீன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.